டிவிடி லென்ஸும் முரணை விழுந்த மிளகாயும்

கரிசல் வெடிப்புக்குள் ஒரு லென்ஸ் விழுந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான். எனக்கு அப்படி மூன்று போயின. பாசிப்பயறைவிடக் கொஞ்சம் பெரியது, நிறமே இல்லாத ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டு. செல்போனின் பின்பக்கம் ஒட்டியிருக்கும்போது ஒட்டியிருக்கும். மிளகாய்க் கொப்பு ஒரு தட்டுத் தட்டினால் துள்ளி மண்ணில் போய்விடும். நான் மண்டியிட்டு மண்ணைத் தடவிக்கொண்டிருப்பேன். வரப்பில் போகிறவர்கள் நின்று, "என்னத்தத் தொலைச்சீக, மோதிரமா?" என்பார்கள். லென்ஸ் என்று சொன்னால் உடனே என் கண்ணை உற்றுப் பார்ப்பார்கள், எந்தக் கண்ணில் இல்லை என்று. விளக்கிச் சொல்லி வாய் வலித்துப்போய் ஒருநாள், "ஆமா, மோதிரந்தான்" என்று சொல்லித் தொலைத்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி கேட்டாள்: "எந்த மோதிரம்?"

அருப்புக்கோட்டையில் பதினேழு வருடம் டெக் மெக்கானிக்காக இருந்தவன் நான். விசிடி, டிவிடி பிளேயர் எல்லாம் பார்ப்பேன். வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு வரும்போது போர்வை, செண்டு பாட்டிலோடு ஒரு பிளேயரையும் கொண்டுவந்த காலம் அது. வீரசோழன் என்ற ஒரே ஊரிலிருந்து மட்டும் வாரத்துக்கு நாலைந்து பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கும். அப்புறம் எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. டிவிடித் தட்டுகளை யாரும் சீந்தவில்லை. கடையை மூடிவிட்டு, திருச்சுழிப் பக்கம் என் மனைவிக்கு அவள் அப்பா வழியில் வந்த இரண்டு ஏக்கர் புஞ்சைக்கு வந்து சேர்ந்தோம். அதில் ஒரு கிணறும் மோட்டார் ரூமும் இருந்தன.

அந்த இரண்டு ஏக்கரையும் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர் என் மனைவியின் அண்ணன். வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் அவருடைய நிலம், இந்தப் பக்கம் இவளுடையது. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஸ்க்ரூ டிரைவர் பிடிச்ச கை மாப்ள. மம்பட்டி பிடிச்சாக் கொப்புளம் போட்டுரும். ஒரே ஒரு வெள்ளாம எடுத்துக் காட்டுங்க. இல்லேன்னா பழையபடி நானே பாத்துக்கிறேன், வருசா வருசம் பங்கு வந்துரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "அவரு எடுப்பாரு." அண்ணனை எதிர்த்து அவள் பேசி நான் பார்த்ததில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த வருடம் முழுக்க நான் நாயாக அலைந்தேன்.

முதல் கோணல் மிளகாய் நாற்றிலேயே வந்தது. தண்ணீர் விடத் தெரியாமல் பாதி நாற்றைக் காயவிட்டேன். மறுபடி நாற்றுப் பாவி, எல்லோரும் நட்டு இருபது நாள் கழித்து நட்டேன். ஊரே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. மச்சான் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அது சிரிப்பைவிட மோசம்.

மார்கழியில் அவருடைய மிளகாயில் முரணை நோய் விழுந்தது. தளிர் இலையெல்லாம் சுருண்டு, சிறுத்து, செடி குறுகிப்போய் நின்றது. பூ பிஞ்சாகாமல் உதிர்ந்தது. என் செடி பிந்தி நட்டதால் சின்னஞ்சிறிசாக, பச்சைப்பசேலென்று இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் பக்கம் செடிக்கு நோய் வந்தால் ஒரு முறை இருக்கிறது. நாலு இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறுவார்கள். வழியில் இரண்டு இடத்தில் டீ குடித்து, தெரிந்தவர்களிடம் பேசி, மருந்துக்கடைக்குப் போய்ச் சேரும்போது இலை வெற்றிலைச் சருகாகியிருக்கும். அதில் இருந்த பூச்சி அதற்குள் பாதிச் சட்டையைச் சுற்றிப் பார்த்திருக்கும். கடைக்காரர் அந்தச் சருகை விரல் நுனியில் தூக்கிப் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார். மச்சான் அப்படி மூன்று தடவை போய், மூன்று மருந்து அடித்தார். முரணை அசையவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பெட்டியையும் மூடியைத் திறந்து பார்க்காமல் நான் கை வைத்ததில்லை. இங்கே என்னடாவென்றால், உள்ளே இருப்பது இலைப்பேனா, கண்ணுக்கே தெரியாத செடிச்சிலந்தியா என்றே தெரியாமல் ஆளாளுக்கு ஒரு மருந்து அடிக்கிறார்கள். இலைப்பேனுக்கு உள்ள மருந்தில் சிலந்தி சாகாது என்று போனில் படித்திருந்தேன். இலை மேலே சுருண்டால் பேன், கீழே சுருண்டால் சிலந்தி என்றும் போட்டிருந்தது. மச்சான் செடியிலோ மேலே பாதி, கீழே பாதி.

அப்போதுதான் பரணில் கிடந்த சாக்கு நினைவுக்கு வந்தது. பழைய இரும்புக்காரருக்குப் போட மனம் வராமல் வைத்திருந்த செத்த பிளேயர்கள். தட்டைப் படிக்கிற இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி லென்ஸ் உண்டு. பிளேடை நெருப்பில் காட்டி, ஓரத்தைக் கீறி, நெம்பாமல் எடுக்க வேண்டும். ஐந்தில் இரண்டு கீறல் விழுந்து வீணாகிவிடும். என் மனைவி தலையில் குத்துகிற ஸ்லைடை விரித்து அதன் நடுவில் லென்ஸை இறுக்கி, கரண்டு டேப்பால் போன் கேமராவின்மேல் ஒட்டினேன். முதலில் உப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லும் கட்டி கட்டியாக, சதுரம் சதுரமாகத் தெரிந்தது. ஓடிப்போய் மனைவியிடம் காட்டினேன்.

"உப்பு உப்பாத்தான இருக்கு," என்றாள். "என் ஸ்லைடைக் குடுங்க."

உப்பு நகராது. அதுதான் வித்தியாசம். மிளகாய் இலைக்கு அடியில் இருக்கிற சீவன் நகரும், இலை ஆடும், என் கை நடுங்கும். லென்ஸ் இலையைத் தொடுகிற மாதிரிப் போனால்தான் உருவம் தெளியும். அவ்வளவு கிட்டே போனால் போனே வெளிச்சத்தை மறைத்துவிடும். சூரியனைப் பார்த்து இலையைத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் வரும், காற்றும் கூடவே வரும். மூச்சை அடக்கினால் கை நடுங்கும். மூச்சை விட்டால் லென்ஸில் ஆவி படியும். எல்லாம் கூடி வருகிற ஒரு நொடியில் போன் தானாகவே வேறு எதையோ தெளிவாக்கப் புறப்பட்டுவிடும். பத்து பன்னிரண்டு நாளில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்தேன். அத்தனையிலும் பச்சைக் கலங்கலுக்கு நடுவே மஞ்சளாக ஒரு அழுக்கு. போனைத் தூக்கிக் கிணற்றில் எறிந்துவிடலாம் என்று இரண்டு முறை கையை ஓங்கியிருக்கிறேன். தவணையில் வாங்கிய போன் என்பதால் கை கீழே இறங்கியது.

மச்சான் வண்டிப்பாதையில் நின்று பார்ப்பார். "என்ன மாப்ள, பூச்சிக்கு ஆதார் கார்டு எடுக்குறீகளா?"

"கண்டுபிடிச்சாத்தான மச்சான் சரியான மருந்து அடிக்க முடியும்?"

"எடுங்க, எடுங்க. அதுக்கு வயசு எம்புட்டுன்னும் கேட்டுக்கங்க."

கடைசியில் இடத்தை மாற்றினேன். என் நிலத்து மோட்டார் ரூமுக்கு வெள்ளையடித்த சுவர். காலையில் வெயில் அதில் பட்டுப் பால் மாதிரி வெளிச்சம் திரும்பும், வாடைக்காற்றும் மறையும். மச்சான் தோட்டத்திலிருந்து சுருண்ட கொப்புகளைக் கிள்ளிக்கொண்டு வந்து, ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முட்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எடுத்தேன். மூன்றாம் நாள் கிடைத்தது. மஞ்சளாக, கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிற உடம்பு. கால்களை எண்ணினேன். எட்டு. பேனுக்கு ஆறுதான். இது சிலந்தி. எழுந்து நின்று தனியாகச் சிரித்தேன்.

அன்றைக்கே பஸ் ஏறி மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"படம் சூப்பரா இருக்குண்ணே. எந்த சைட்டுல எடுத்தீங்க?"

"நான் எடுத்தது. இன்னைக்குக் காலைல, எங்க மச்சான் தோட்டத்து இலைல."

"இந்தப் போன்லயா?" என்று போனைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கரண்டு டேப்பும் ஸ்லைடும் இருந்தன. பக்கத்தில் நின்றவரிடம் காட்டினார். இருவரும் மரியாதையாகச் சிரித்தார்கள்.

போன வாரம் கலங்கலான படத்தைக் காட்டியபோது, ஒண்ணும் தெரியலையே என்று திருப்பிக் கொடுத்தவர் இதே மனிதர்தான். தெளிவில்லாவிட்டால் படம் இல்லை, தெளிவாக இருந்தால் என் படம் இல்லை. நான் கடையிலேயே கத்திவிட்டேன். உரம் வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டதற்கும் அவரோடு ஒரு சண்டை.

மறுநாள் என் இடது கட்டைவிரலையும் படத்தில் சேர்த்துக்கொண்டேன். சுத்தியல் பட்டு நகத்தில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. இலையோரத்தில் அந்த நகத்தை வைத்து, கறுத்த இடத்துக்கு அருகே சிலந்தி நடந்து போவதை வீடியோவாக எடுத்தேன். கடையில் வீடியோவை ஓடவிட்டு, கட்டைவிரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் வீடியோவைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மறுபடி வீடியோவைப் பார்த்தார். உள்ளே போய், அதுவரை கொடுக்காத ஒரு மருந்தைக் கொண்டுவந்து வைத்தார். சிலந்திக்கென்றே உள்ளது.

மச்சான் அதை வேண்டாவெறுப்பாகத்தான் அடித்தார். ஒரு வாரம் கழிந்தது, இன்னும் நாலைந்து நாள் போனது. புதுத் தளிர் சுருங்காமல் விரிந்து வந்தது. வண்டிப்பாதையில் என்னைப் பார்த்து நின்றார். "தளிர் வருது மாப்ள," என்றார். அவ்வளவுதான். அதற்கே எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது தொல்லை. செய்தி பரவி, காலையில் நான் வாளியில் உட்காருவதற்கு முன்பே இரண்டு பேர் கேரி பையோடு நிற்பார்கள். "எங்க புஞ்சை இலையையும் ஒரு பார்வ பாருங்க." ஒருவர் செடியையே வேரோடு பிடுங்கி மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர் ஆட்டுக் காதிலிருந்து உண்ணி எடுத்து வந்தார். உள்ளங்காலில் ஒடிந்த கருவேல முள் தெரியுமா என்று காலைத் தூக்கிக் காட்டியவரும் உண்டு. தங்கள் தோட்டத்துக்கே என்னைக் கூட்டிப்போய்ச் செடியைக் காட்டியவர்களும் உண்டு. நான் எரிந்து விழுவேன், எல்லாரையும் திட்டுவேன், ஆனாலும் பார்ப்பேன். இலையைத் திருப்பி, படம் எடுத்து, இது பேன், இது சிலந்தி, இது ஒன்றுமில்லை வெறும் சத்துக்குறை என்று சொல்லி, இலையைப் பின்னால் வீசிவிட்டு அடுத்ததை எடுப்பேன். பின்னால் என் மிளகாய் வரிசைகள்தான். இலைதானே, மக்கினால் எரு என்று நினைப்பு. நடுநடுவே எழுந்து, வரிசைக்குள் நடந்து, தண்ணீர் மடையைத் திருப்பிவிட்டு வருவேன். முதன்முதலாக அந்த ஊரில் என்னைத் தேடி ஆட்கள் வந்தார்கள். விவசாயம் பற்றிக் கேட்க, என்னிடம்! அந்தப் பெருமையில் என் செடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்த்தவள் என் மனைவி. களைவெட்டிக்கொண்டே வந்தவள், மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "இங்கன வந்து பாருங்க."

வாளிக்குப் பின்னால் முதல் வரிசையில் தளிர் முழுக்கச் சுருண்டு கிடந்தது. அடுத்த வரிசையிலும். அதற்கப்பால் இன்னும் நாலு வரிசை தள்ளிக் கொஞ்சம் குறைவு. அவள் களைவெட்டியின் நுனியால் காற்றில் ஒரு கோடு காட்டினாள்.

"நீங்க உக்காருற எடத்துல இருந்துதான் ஆரம்பிச்சிருக்கு. அங்கிட்டுப் போகப் போகக் கொறையுது. நீங்க மடை திருப்பப் போற பாதையில மறுபடி இருக்கு."

"காத்துல வந்திருக்கும்," என்றேன்.

"காத்துன்னா உங்க அண்ணன் தோட்டப் பக்கத்து ஓரத்துலல்ல மொதல்ல வரணும்?" கோபம் வந்தால் அவள் தன் அண்ணனை என் அண்ணனாக்கிவிடுவாள். "நடுவுல எப்படி வரும்?"

அவள் சொல்வது தப்பென்று காட்டவே லென்ஸை எடுத்தேன். இத்தனை நாள் என்னை அழவைத்த காற்று அன்றைக்குப் பார்த்து அசையவே இல்லை. கை நடுங்கவில்லை. முதல் படத்திலேயே அத்தனை தெளிவு. இலையின் அடியில், நரம்போரமாக, மஞ்சளாக ஏழெட்டு இருந்தன. முட்டைகளும் இருந்தன. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

வேளாண்மை அலுவலர் ஒருவருக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். அது கையில் ஒட்டும், துணியில் ஒட்டும், செடியில் உரசிக்கொண்டு போனால் கூடவே வரும் என்றார். "நோய் விழுந்த இலையைக் கொண்டுவந்து நல்ல தோட்டத்துலயா போட்டீங்க? ஏன் சார்?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. உண்மையாகவே காரணம் தெரிந்துகொள்ளக் கேட்டார். மூடியைத் திறந்து பார்க்காமல் கை வைக்காதவன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டவன், பார்த்து முடித்ததை எங்கே போடுகிறேன் என்று பார்க்கவில்லை. என்மேல் எனக்கு வந்த எரிச்சலில் அன்று சாப்பிடவில்லை.

"நீங்க மத்தவுக தோட்டத்துக்கும் போயிருக்கீக," என்றாள் மனைவி. "சொல்லிருங்க. மறைக்காதீக."

டீக்கடையில் போய்ச் சொன்னேன். இலையைப் பறித்துக்கொண்டு அலையக் கூடாது, சுருண்ட செடியைத் தொட்ட சட்டை வேட்டியோடு நல்ல தோட்டத்துக்குள் போகக் கூடாது, நானே போயிருக்கிறேன், என் தோட்டத்தில் விழுந்துவிட்டது. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து எதிர்ப் பெஞ்சுக்குப் போனார். அவர்தான் உண்ணி கொண்டுவந்தவர்.

மறுநாள் காலையில் மருந்தடிக்க மச்சானின் தெளிப்பானைக் கேட்டு வாங்க நானும் மனைவியும் போனோம். வண்டிப்பாதையைத் தாண்டக் கால் வைத்தேன். அவர் தோட்டத்துக்குள்ளிருந்து கையை உயர்த்தினார்.

"மாப்ள, அங்கனயே நில்லுங்க!"

பாம்பு என்று நினைத்துக் காலை இழுத்துக்கொண்டேன்.

"வேட்டி மாத்திட்டு வந்தீகளா?"

நான் குனிந்து பார்த்தேன். அதே வேட்டிதான்.

"டீக்கடைல சொன்னீகளாம்ல. இப்பத்தான் இந்தச் செடி பொழச்சு வருது. கோவிச்சுக்கிறாதீக." தெளிப்பானைத் தூக்கி வந்து பாதையின் நடுவில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். அதை எடுக்கப் போன என் மனைவி, பழக்கத்தில் இன்னும் இரண்டு அடி முன்னே வைத்தாள். "நீயும் அங்கிட்டே நில்லு தாயி. நீயும் அந்தச் செடிக்குள்ளதான களையெடுத்த?" என்றார். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் அப்பனுடைய அந்தப் புஞ்சைக்குள் கேட்காமல் போய் வந்தவள். அப்படியே நின்றாள்.

அந்த வருடம் முழுக்க, வெள்ளாமை விஷயத்தில் என் பேச்சை அவர் ஒரு தடவையாவது கேட்க மாட்டாரா என்று தவித்திருக்கிறேன். இதோ கேட்கிறார். நான் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்துகொண்டு, இருபதடி தள்ளி நிற்கிறார்.

"அடுத்த வெதப்புக்கு அந்த ரெண்டு ஏக்கரையும் நானே பாத்துக்கிறேன் மாப்ள," என்றார் அங்கிருந்தே. குரலில் குத்தல் இல்லை. "நீங்க படம் எடுத்து என்ன பூச்சின்னு மட்டும் போன்ல சொல்லுங்க. அதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அன்றைக்கு மாதிரியே அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து தெளிப்பானைத் தூக்கித் தோளில் மாட்டினாள். நான் பிடிக்கப் போன கையை விலக்கிவிட்டு, எங்கள் மிளகாய்க்குள் இறங்கி, மோட்டார் ரூம் ஓரத்து முதல் வரிசையிலிருந்து மருந்தடிக்கத் தொடங்கினாள்.